ஓட்டுத் தையல் கோட்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பெர்க்லி ஸ்டேடியத்திலும் கொஞ்சம் எடுத்தது என்று போனில் சொன்னாயே, ‘தி ஃப்ரெஷ்மேன்’, காலேஜில் புதிதாகச் சேர்ந்த பையன் கதை, அந்த ஊமைப் படத்தை ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வந்து பார்த்தோம். எழுத்து வரும்போதெல்லாம் பாப்பா படித்துச் சொன்னாள். 1925இல் வந்த படத்துக்கு உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு டைலர் வரும் இடம்தான். விருந்துக்கு நேரமாகிவிட்டது, கோட் முடியவில்லை. தற்காலிகமாகப் போட்ட வெறும் ஓட்டுத் தையலோடு போட்டுக்கொண்டு கதாநாயகன் ஹெரால்டு லாயிட் கிளம்பிவிடுகிறான். டைலர் ஊசி நூலோடு திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பிரியப் பிரியத் தைக்கிறான். கை கழன்று வருகிறது, கடைசியில் பேண்டும் போகிறது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி, காஜா எடுக்காத சட்டையைக் கேட்டு ஆள் வாசலில் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டுத் தையலோடு ஒரு உருப்படியைக்கூட நான் வெளியே விட்டதில்லை.

அப்புறம் சிரிப்பு வரவில்லை. கை குலுக்குமுன் சினிமாவில் பார்த்த குதியாட்டம் போடுகிறான், எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறான், தண்ணீர் தூக்குவதையே ஃபுட்பால் டீமில் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். காலேஜே உன்னை வைத்துத்தான் சிரிக்கிறது என்று அதே விருந்தில் ஒருத்தன் போட்டு உடைக்கிறான். முதலில் சிரித்தே சமாளிக்கப் பார்க்கிறான் பாவம். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வி, டபிள்யூ இரண்டையும் நீ ஒரே மாதிரி சொல்வதை ரூம் பையன்கள் நடித்துக் காட்டுகிறார்கள் என்று சொல்லி நீயும் சிரித்தாயே, அன்றைக்கு. படத்தில் அவன், தன்னை விரும்பும் பெண்ணின் மடியில் விழுந்து அழுதுவிடுகிறான். உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

கடைசி மேட்சில் விதி ஒன்றும் புரியவில்லை. அடிபட்டு ஆள் தீர்ந்ததும் இவனை இறக்குகிறார்கள், ஜெயித்துவிடுகிறான். 1924 நவம்பரில் உங்கள் காலேஜும் ஸ்டான்ஃபோர்டும் ஆடிய நிஜ மேட்சின் இடைவேளையில்தான் படத்தில் மேட்ச் பார்க்கும் கூட்டத்தை எடுத்தார்களாம். அந்த ஸ்டேடியத்தில் நீ எந்தப் பக்கம் உட்கார்ந்தாய்?

1919இல் ஒரு வெடி விபத்தில் லாயிட்டுக்கு வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டனவாம். உறை மாட்டிக்கொண்டு நடித்திருக்கிறான். தேடித் தேடிப் பார்த்தேன், தெரியவேயில்லை. அந்த இரண்டு விரல் இல்லாவிட்டால் நான் ஊசி பிடிக்க முடியாது.

நான் தைத்துக் கொடுத்த கோட்டை நீ போடுவதில்லை என்று தெரியும். தோள் பிடிக்கிறது என்றால் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டிருக்கிறேன், யாரிடமாவது கொடுத்துப் பிரித்துக்கொள். இல்லாவிட்டால் வரும்போது எடுத்து வா.

அப்பா