கோரை இன்னும் கொஞ்சம் வளரட்டும்

அன்புள்ள மகளுக்கு,

உன் நிலத்துக் களை என்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது புல் இல்லை, கோரை. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார், மூன்று பட்டையாகத் தட்டுப்படும்.

உழுத பிறகு முன்னைவிட அடர்ந்து வருகிறதே என்று கேட்டிருந்தாய். உழுததால்தான் அடர்ந்தது. மண்ணுக்கடியில் கிழங்குகள் சரம் சரமாகக் கோத்திருக்கும். சரம் அறாதவரை பல கிழங்குகள் உறங்கியே கிடக்கும். அறுந்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். ஆகவே நாம் கொல்ல வேண்டியது கிழங்கை.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்தால் மறுநாளே கருகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது பட்ட இலையை மட்டும் எரிக்கும், கிழங்கு அப்படியே இருக்கும். வாய்க்குள் போனால் அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. அந்த டப்பா உன் வீட்டுப் பக்கமே வரக்கூடாது.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இலை வழியாகக் கிழங்குவரை இறங்கும். அதற்குச் செழித்த பச்சை இலை வேண்டும். எனவே இப்போது களை எடுக்காதே. பூக்கத் தொடங்கும்வரை வளரவிடு. கலங்கல் தண்ணீரில் கலக்காதே, மருந்து மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். மழை வரும் போலிருந்தால் அன்று வேண்டாம். காற்று வீசினாலும் வேண்டாம்; பக்கத்துப் பயிரின் இலையில் பட்டால் அதுவும் போய்விடும். பயிர் இல்லாத நிலத்துக்குத்தான் இது. மக்காச்சோளமோ கரும்போ நிற்கும்போது பயிரை விட்டுக் கோரையைத் தாக்கும் ஹேலோசல்ஃப்யூரான் மெத்தில் என்ற மருந்து இருக்கிறது. அளவுக்கு லேபிளை மட்டும் நம்பு. உன் பகுதியில் எதை, யார் தெளிக்கலாம் என்ற விதியையும் முதலில் விசாரித்துக்கொள்.

2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் சேர்த்தது. பல நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் எப்படி முடிந்தாலும் எனக்கு நீ முக்கியம், அம்மா. கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம், காலணி எதையும் விட்டுவிடாதே. தெளித்த உடையைத் தனியாகத் துவை.

அடித்த பின் இரண்டு மூன்று வாரம் நிலத்தைக் கிளறாதே. இலை மெதுவாகத்தான் பழுக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு உழுதுவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும். உறங்கிய கிழங்குகளுக்கு இலை இல்லை, அவற்றை மருந்து எட்டாது. அவை முளைத்து வரும், அப்போது மறுபடியும் அடிக்க வேண்டும். ஒரே பருவத்தில் தீராது.

மூன்று வாரம் ஆனதும் ஒரு மூலையில் தோண்டிச் சில கிழங்குகளை நறுக்கிப் பார். உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக அழுகியிருந்தால் செத்துவிட்டது. எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா