வெல்ஷ் கொயரும் நம்ம சால்ஃபாவும்

அன்புள்ள மக்கா,

ஸ்தோத்திரம். அம்மாவுக்கு முட்டு வலி இப்ப எப்படி இருக்கு, படி ஏறி இறங்குதாங்களா? இங்க வேல்ஸ்ல நாங்க எல்லாரும் சுகம், மழைதான் விட மாட்டேங்கு.

வெல்ஷ் தெரியாம எப்படிடே கொயர் நடத்துதன்னு போன்ல கேட்டல்லா, அன்னைக்கு டூட்டிக்கு நேரமாயிட்டு, ஒழுங்கா பதில் சொல்லல. விஷயம் என்னன்னா சேப்பல்ல பாதிப் பேரு எழுபது தாண்டுனவங்க, அவங்களுக்கு சால்ஃபா, அதாவது ராகத்த எழுத்துல எழுதுற முறை, தண்ணி பட்ட பாடு, நமக்கு ஊர்ல சார் போர்டுல எழுதிப் போடுவாரே அதே டோ ரே மீதான். கர்வன்ங்கிறவரு பரப்புன இந்த சால்ஃபா முறை 1860கள்லயே இங்க சேப்பல் சேப்பலா பரவிருக்கு, 2001ல எல்லா சபைக்கும் பொதுவா வந்த கனெயான் ஃபீத் பாட்டுப் புத்தகத்துக்குக்கூட சால்ஃபா பதிப்பு தனியா உண்டு. அதனால ஆல்டோ (பெண்கள்ல கீழ்க்குரல்) எங்க இறங்கணும், டெனர் (ஆண்கள்ல மேல்குரல்) எங்க நிக்கணும்னு சொல்ல எனக்கு பாஷையே வேண்டாம். உச்சரிப்பு அவங்க பாடு. வெல்ஷ்ல ரெண்டு எல் சேந்து வந்தா நாக்க ‘ல’வுக்கு வச்சுக்கிட்டு ஓரமா காத்த ஊதணும், அத சோப்ரானோ பாடுற ஒரு பாட்டி எனக்கு பொறுமையா சொல்லிக் குடுத்தாங்க.

ஆனா அர்த்தம் தெரியாம கை வீசக் கூடாதுடே, அதுல நான் உறுதியா இருக்கேன். எங்க மூச்சு விடணும், எங்க சத்தத்த அடக்கணும்னு ராகம் மட்டும் சொல்லாது. கும் ரோந்தா ராகம் உனக்குத் தெரியும், ஜான் ஹியூஸ் 1907ல போட்டது, அதுல இவங்க பாடுறது ஆன் கிரிஃபித்ஸ் எழுதுன பாட்டு. 1805ல 29 வயசுல, பிள்ளை பெத்த கொஞ்ச நாள்ல இறந்து போன பொண்ணு, அவ பாட்ட எல்லாம் வீட்டு வேலைக்காரி ரூத் மனப்பாடமா வச்சிருந்து பிறகு ரூத்தோட புருஷன் எழுதி வச்சதாலதான் நமக்குக் கெடச்சிருக்கு, நெனச்சாலே மேலு சிலுக்குது. அந்தப் பாட்டுக்கு நான் டிக்‌ஷனரிய தொடவே இல்ல, நம்ம தமிழ் பைபிளத்தான் எடுத்தேன். முதல் சரணம் சகரியா 1ல மிருதுச்செடிகளுக்குள்ளே நிக்கிறவரு, அடுத்தது சாரோனின் ரோஜா, வெண்மையும் சிவப்புமானவர், பதினாயிரம் பேர்ல சிறந்தவர், அப்படியே உன்னதப்பாட்டு! நாம சண்டே ஸ்கூல்ல படிச்சதுதான எல்லாம். அது புரிஞ்ச பிறகு முதல் வரிய மெதுவா, ஒருத்தர தூரத்துல பாத்து அடையாளம் கண்டுக்கிற மாதிரி எடுக்கச் சொன்னேன், பேஸ் பாடுற தாத்தாக்கள் கடைசி வரிய ரெண்டாந்தரம் எடுக்கையில சேப்பலே அதிருது.

பாடுறவங்க வருஷா வருஷம் குறையுதாங்க, அதுதான் வருத்தம்.

தமிழ்ல ஒண்ணு சொல்லிக் குடுன்னு கேட்டிருக்காங்க. நாலு பார்ட்டுல சால்ஃபா போட்ட கீர்த்தனை ஏதும் உங்கிட்ட இருந்தா போட்டோ எடுத்து அனுப்பு, மெதுவா போற பாட்டா பாரு, லெந்துக்கு முன்ன கெடச்சா நல்லது.

அன்புடன்,
உன் பழைய டெனர்