சர்க்கரை குறைவது களியாலா, கழனியாலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கேழ்வரகுக் களி சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை குறைவு என்று சென்ற வாரம் போட்டிருந்தீர்கள். சரி. ஆனால் எங்கள் தெருப் பெரியவர் காலையில் களி உருண்டையைக் கீரைக் குழம்பில் தொட்டு விழுங்கிவிட்டுப் பொழுது சாயும்வரை கழனியில் குனிந்து நிமிர்கிறார், நானோ கடை நாற்காலியை விட்டு எழுவதில்லை. அவருக்குச் சர்க்கரை இல்லாததற்குக் களி காரணமா, கழனி காரணமா? சும்மா பார்த்து எழுதிய கணக்கு இதைச் சொல்லாது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் களி, மீதிப் பேருக்குச் சோறு கொடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்று கவனிப்பு ஆய்வுகள் (எதையும் கொடுத்துப் பார்க்காமல், மக்கள் தாமாகச் செய்வதைப் பார்த்து மட்டும் எழுதுபவை) வருடக்கணக்கில் சொல்லிவந்தன. 2002ல் வெளியான அமெரிக்கக் குலுக்கல் சோதனை, அப்படிக் காக்கவில்லை என்று காட்டியது.

அதற்காகக் கவனிப்பு ஆய்வு மட்டம் என்றும் சொல்ல மாட்டேன். (பீடி சுற்றும் ஊர்க்காரன் நான்.) பீடியைக் கையில் கொடுத்துப் புற்றுநோய் வருகிறதா என்று யார் சோதிப்பது? 1950ல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோயாளிகளிடமும் மற்ற நோயாளிகளிடமும் புகைப்பழக்கத்தை விசாரித்து ஒப்பிட்டுத்தான் புகைக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அடுத்த முறை, எந்த வகை ஆய்வு என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள் சார்.

– வாசகர், குடியாத்தம்