கத்ரீனா கொடுத்த வண்டல் யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கத்ரீனா புயலின் இருபதாம் ஆண்டையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை படித்தேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்ததை நன்றாகவே விவரித்திருந்தார் கட்டுரையாளர். ஆனால் கடலோரச் சதுப்புகளுக்குப் புயல் வண்டலை வாரி வழங்கியது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டார். அது பாதிக் கதைதான்.

வழங்கியது உண்மை. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா, செப்டம்பர் 24இல் ரீட்டா. இரண்டும் சேர்ந்து லூசியானாவின் சதுப்புகளில் போட்ட மண் 13.1 கோடி டன், சராசரியாக 5 சென்டிமீட்டர் கனம் என்று அம்மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறு ஆண்டே கணக்குச் சொன்னார்கள். அங்கே நிலம் ஓயாமல் அமிழ்கிறது, கடலும் ஏறுகிறது. மேலே புதுமண் விழாவிட்டால் புல் நீரில் நின்றே அழுகிப்போகும். ஃப்ளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்திலும் இப்படித்தான். அதே ஆண்டு அக்டோபரில் வில்மா புயல் ஒதுக்கிய கடற்சேறு, பாஸ்பரஸுக்கு ஏங்கிக் கிடந்த அலையாத்திக் காடுகளுக்கு உரமாயிற்று.

ஆனால் புயல் மண்ணை உண்டாக்குவதில்லையே! ஆழமற்ற விரிகுடாக்களின் அடிச்சேற்றையும் சதுப்பின் ஓரங்களையும் கலக்கி எடுத்துத்தான் உள்ளே எறிகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. அந்த இரு புயல்களில் சுமார் 560 சதுர கிலோமீட்டர் நிலம் நீர்ப்பரப்பாகிவிட்டது என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் மதிப்பீடு. நியூ ஆர்லியன்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள பிரெட்டன் சவுண்ட் பகுதியில் உப்புக் குறைந்த நீரில் வளர்ந்த சதுப்புக்கு வேர் ஆழம் போகவில்லை. புல்லும் மண்ணுமாகப் பெயர்ந்து மடிந்துவிட்டது. உப்புநீர்ச் சதுப்பு பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. சதுப்பு இருந்த இடம் திறந்த நீரானால் காற்றுக்கு அலை எழுப்ப இடம் கூடுகிறது, எஞ்சிய ஓரமும் கரைகிறது.

புதுமண் கொண்டுவர வேண்டியது மிசிசிப்பி ஆறு. 1927 வெள்ளத்துக்குப் பிறகு கரைகளை உயர்த்திப் பலப்படுத்தி அதை அடைத்துவிட்டார்கள். அதில் வந்து சேரும் மிசூரி ஆற்றின் அணைகள் வேறு வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. தப்பி வருவதிலும் பெரும்பங்கு சதுப்பில் பரவாமல் கடலுக்கே போகிறது. 1932 முதல் லூசியானா இழந்த கடலோர நிலம் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர்.

இதற்கு மாற்றாகத்தான் ஆற்றங்கரையில் மதகு வைத்துச் சேற்றுநீரைப் பராட்டாரியா விரிகுடாவுக்குத் திருப்பும் திட்டம் வந்தது. செலவு சுமார் 300 கோடி டாலர். மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் நேர்ந்த எண்ணெய்க் கசிவுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம் அது. 2023இல் வேலை தொடங்கியது. 2025 ஜூலையில் மாநில அரசே கைவிட்டது. செலவு ஏறியது ஒரு காரணம். சிப்பி, இறால் தொழிலாளரின் எதிர்ப்பு இன்னொன்று. நன்னீர் புகுந்தால் சிப்பி சாகும் என்ற அவர்கள் அச்சத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பிழைப்பே அதுதான். ஆனால் சதுப்பு கரைந்தால் இறால் குஞ்சு வளர இடமேது? அவர்களுக்குத் தாராளமாக இழப்பீடு கொடுத்துவிட்டு மதகைக் கட்டியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கத்ரீனா நினைவுநாளுக்குச் சில வாரங்கள் முன்பு எடுத்த முடிவு இது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்த இதழிலாவது கட்டுரையாளர் எழுதுவாரா?

அன்புடன்,
இரா. மு.,
சிதம்பரம்