பைன் ரிட்ஜ் சவாரிக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம். ஜூன் வெயிலில் நாலு நாள், நெப்ராஸ்காவில் ஃபோர்ட் ராபின்சன் கோட்டையிலிருந்து குதிரையில் கிளம்பி தெற்கு டகோட்டாவில் எங்கள் பூர்வகுடி மக்களின் பகுதியான பைன் ரிட்ஜ் வரைக்கும். இடுப்பு இன்னும் நிமிரவில்லை, ஆனால் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட்டால் அம்மா விடமாட்டார், அதனால் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் லகோட்டா மொழியில் இதற்கு 'வோபிலா' என்போம்.

1877 செப்டம்பர் 5, அந்தக் கோட்டையில்தான் எங்கள் லகோட்டா போர்த்தலைவர் கிரேஸி ஹார்ஸை அமெரிக்க ராணுவத்தார் சிறை அறைக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். திமிறினார், காவலுக்கு நின்ற சிப்பாயின் துப்பாக்கிக் கத்தி பாய்ந்தது, அன்று இரவே உயிர் போனது. உடலைப் பெற்றோர் எடுத்துப்போனார்கள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று இன்றுவரை வெளியே தெரியாது. போய் நிற்க ஒரு கல்லறை இல்லை, அதனால்தான் குதிரை ஏறுகிறோம். கூடவே கொரியா, வியட்நாம், ஈராக் என்று போருக்குப் போய் வந்த எங்கள் ஆட்களுக்காகவும், திரும்பி வராதவர்களுக்காகவும். என் மகன் தாத்தாவின் வியட்நாம் காலத்துப் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான், இறங்கும்போது வியர்வையில் அது நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குதிரை ஏற்றிவர ட்ரெய்லர் தருகிறேன் என்ற ஒருவர் கிளம்புகிற அன்று காலையில் போனையே எடுக்கவில்லை (பெயர் வேண்டாம், விடுங்கள்). ஒரு வார்த்தை கேட்டதும் இரண்டு வண்டியோடு வந்து நின்ற அண்ணனுக்கு முதல் நன்றி. வேலிக் கதவைத் திறந்துவிட்டு, தொட்டியில் தண்ணீரும் நிரப்பி வைத்திருந்த பண்ணைக்காரர்களுக்கும். அப்புறம் லாடம் அடிக்கிற பெரியவர். இரண்டாம் நாள் சரளைக்கல் ரோட்டில் மருமகளின் குதிரை லாடத்தை உதறிவிட்டு நொண்ட ஆரம்பித்தது, அவளுக்குப் பதினொரு வயது, ஒரே அழுகை. ராத்திரி வண்டி விளக்கு வெளிச்சத்தில் குளம்பை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சீவி, அடித்துக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை, எண்ணெயில் பொரித்த ரொட்டி இரண்டு மட்டும் வாங்கிக்கொண்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

சமையல் அக்காக்களே, அந்த உப்பை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஆலங்கட்டி மழையில் கூடாரம் பறந்த பிறகும் காலையில் காபி சூடாக இருந்ததே, அது எப்படி?

நீல வாளி ஒன்றும் யாருடையதோ ஒரு கடிவாளமும் என் வண்டியில் கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.