முழுக்கைச் சட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனிருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சரிம்மா, மீட்டிங்ம்மா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாய். இதையாவது கடைசி வரை படி.

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டுவலி, அதே மாத்திரைதான். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், சாவி பழைய இடத்தில் இருக்கிறது. கோவில்பட்டி அத்தை மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள். அதை நேரில் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாயே, முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். மே மாதத்தில், வீட்டுக்குள். சின்ன வயதிலிருந்தே வீட்டுக்குள் பனியனோடு அலைகிறவன் நீ. பெங்களூரு குளிர் என்று சொல்லாதே, உன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். மருமகள் குரலும் கேட்கவில்லை. அவள் எனக்குப் பேசி நாற்பது நாள் ஆகிறது. ரசப்பொடிக்கு எத்தனை மிளகு என்றாவது வாரத்துக்கொரு தடவை கேட்கிறவள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

குடும்ப குரூப்பில் நீ அனுப்பியதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்தும் புருஷன் மேலும் அவன் வீட்டார் மேலும் கேஸ் போடுகிற 498ஏ பிரிவு இருக்கிறதே, அதுவே புருஷன் வீட்டாரிடம் பணம் பறிக்க வந்த சட்டம் என்று. பெரியப்பா உடனே கைதட்டும் படம் போட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் காக்கிச் சட்டை போட்டு ஸ்பெஷல் சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவள் அதே குரூப்பில் இருக்கிறாள் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. கோபத்தில் நானும் ஏதோ எழுதினேன், எழுதியிருக்கக் கூடாது. நீ அன்றைக்கு மௌனமானவன்தான்.

அந்தச் சட்டம் 1983இல் எதற்காக வந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜி.எச். தீக்காய வார்டில் டூட்டி. ஒரு பெண், உன் சித்தியைவிடச் சின்னவள், வாழை இலையில் கிடக்கிறாள். மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் எடுக்க வந்தார். "ஸ்டவ் வெடிச்சிருச்சு சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கதவுக்கு வெளியே மாமியார் நிற்கிறாள், அவள் இடுப்பில் இந்தப் பெண்ணின் குழந்தை. மறுநாள் சம்பவ இடத்தைப் பார்த்து மகஜர் எழுத அந்த வீட்டுக்குப் போனோம். வீட்டில் ஸ்டவ்வே கிடையாது, கேஸ் அடுப்பு. இதைப் பார்த்தவளிடம் கொண்டுவந்து பணம் பறிக்கிற சட்டம் என்றால் எப்படித் தம்பி?

அதற்காகப் பொய்க் கேஸே வராது என்று நான் சாதிக்கமாட்டேன். வந்திருக்கிறது. எண்பது வயதுப் பாட்டி, துபாயில் இருக்கும் நாத்தனார் எல்லார் பெயரையும் சேர்த்து மனு எழுதிக்கொண்டு வருவார்கள், பேரத்துக்கு வசதியாக இருக்கும் என்று. நாங்களும் ஒரு காலத்தில் பெயர் இருந்தால் தூக்கி வந்தோம். 2014இல் உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதே, முதலில் விசாரணைக்கு வரச் சொல்லி 41ஏ நோட்டீஸ் கொடு என்று சொன்னது. எங்கள் ஸ்டேஷனில் அதற்கு முணுமுணுப்பு. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. 2024 ஜூலையிலிருந்து 498ஏ-க்கு நம்பர்தான் மாறியிருக்கிறது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புது சட்டத்தில் (பி.என்.எஸ்.) 85. விஷயம் அதேதான்.

2024 டிசம்பரில் உங்கள் ஊரில் ஒரு இன்ஜினியர், மனைவி தரப்பில் தொல்லை என்று வீடியோவில் எல்லாவற்றையும் பேசி வைத்துவிட்டு உயிரை விட்டாரே, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அதே ஊர், உன்னை மாதிரி வேலை. மூன்று மணிக்கு உனக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று காலையில் சொன்னது பொய்.

சட்டத்தில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் எழுதி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதில் பாதிக்கப்பட்ட நபர் என்றாலே பெண்தான். எதிர்மனுதாரர் 'வயது வந்த ஆண்' என்று இருந்ததை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது, அதனால் பெண் மேலேயும் மனுப் போடலாம். ஆனால் மனுப் போடுகிறவர் இன்றைக்கும் பெண்தான். மனைவி மேல் புகார் கொடுக்க கணவனுக்கு இப்படியொரு சட்டம் இல்லையே என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே வருத்தப்பட்டார். இலங்கையில் அதே 2005இல் வந்த சட்டத்தில் இந்தப் பிரிவினை கிடையாது, யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு கேட்கலாம். இங்கேயும் ஆணுக்கு ஒரு வாசல் வைக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகப் பெண்ணுக்கு இருக்கிற வாசலை அடைக்க வேண்டுமா? பத்துப் பெண்களில் மூன்று பேர் புருஷனிடம் அடி வாங்கியதாகச் சொல்கிறார்கள். அரசாங்கம் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு அது.

இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, எழுத வந்தது இது இல்லை.

2003 என்று நினைக்கிறேன், நீ ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு மில்லில் இரண்டாம் ஷிஃப்ட், அதனால் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாய். பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு ஆள் வந்தார், பலசரக்குக் கடை வைத்திருப்பவர், நல்ல வெயிலில் முழுக்கைச் சட்டை. ரொம்ப நேரம் நின்றுவிட்டு, கை பட்டனைக் கழற்றிச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே வரிசையாக நாலு சூடு, தோசைக்கரண்டி விளிம்பு வளைவாக அப்படியே பதிந்திருக்கிறது. வீட்டுக்காரி வைத்தாள் என்றார்.

முதலில் சிரித்தது நான்தான். மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். "இவ்வளவு பெரிய மீசையை வைச்சுக்கிட்டு இங்கே வந்து நிக்கிறீரே" என்றேன். நீயும் சிரித்தாய், அம்மா சிரிக்கிறாளே என்று. அவர் சட்டையை இறக்கிவிட்டு, பட்டனைப் போட்டுக்கொண்டு போனார்.

சூடான பொருளால் காயம் என்றால் அப்போதைய ஐ.பி.சி.யில் 324ஆம் பிரிவு. எனக்கு அது மனப்பாடம். அந்தப் பிரிவில் ஆண், பெண் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. புது சட்டத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை, கேஸ் போட்டிருக்கலாம். புகார் வந்தது என்பதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுகூட நான் கொடுக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது நீ கேட்டாய், "அந்த மாமாவுக்கு ஏம்மா கேஸ் எழுதல?" நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "ஆம்பிளை அடி வாங்கினேன்னு வெளியே சொல்லலாமாடா?"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுதான் தொண்டையில் நிற்கிறது.

ஆனால் தம்பி, என் போலீஸ் புத்தி இன்னொன்றையும் சொல்கிறது. அடித்தவன் கையிலும் கீறல் இருக்கும், தடுத்தவள் நகம் பட்டு. எத்தனை பேர் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதனால் நாற்பது நாளாகப் பேசாத மருமகளையும் நான் நினைக்காமல் இருக்க முடியாது. நீ நல்ல பிள்ளை. எல்லா அம்மாவும் என் முன்னால் நின்று அதைத்தான் சொன்னார்கள்.

நீ அடி வாங்கியிருந்தால், டாக்டரிடம் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதே. நடந்ததை நடந்தபடி சொல், சீட்டைப் பத்திரமாக வை. நீ அடித்திருந்தால், அவளைப் பெண்கள் உதவி எண் 181க்குப் பேச வைக்கிறவளே நான்தான், இப்போதே சொல்லிவிட்டேன். இரண்டும் இல்லை, கொசுக்கடி என்றால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எதுவானாலும் கை நீட்டாதே. பதிலுக்குக்கூட நீட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. அப்பா வரவில்லை. சனிக்கிழமை காலையில் நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன், லீவு போடாதே. சாத்தூர் சேவு வாங்கி வைத்திருக்கிறேன், அவளுக்குக் காரம் ஆகாது என்று அதில் தனியாக ஒரு பொட்டலம். நான் வருவதை அவளிடம் நீ சொல்ல வேண்டாம், நானே போன் செய்கிறேன். எடுக்கட்டும்.

அம்மா