திரையில் தெரியாத தூக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வணிகக் கப்பல்களைக் கரையிலிருந்து நிர்வகிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அத்தனை கப்பல்களின் வேகமும் எரிபொருள் செலவும் அலுவலகத்தில் ஒரே திரையில் தெரிந்துவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் கப்பலில் இருப்பவர்கள் தூங்கினார்களா என்பது அந்தத் திரையில் தெரியாது.

நான் கடலில் சீஃப் இன்ஜினியராகவும், பிறகு ஒரு கப்பல் நிர்வாக அலுவலகத்தில் சூப்பரின்டெண்டன்டாகவும் (கரையிலிருந்து சில கப்பல்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்) இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை துறைமுகத்தில் எங்களுக்கு ஒன்றரை நாள்தான் கிடைத்தது. அதற்குள் பங்கர், அதாவது கப்பலுக்கான எரிபொருள், ஏற்றினோம், ஒரு ஜெனரேட்டரைப் பிரித்து மாட்டினோம், இடையில் ஆய்வாளர்கள் வந்து எல்லாவற்றையும் இயக்கிக் காட்டச் சொன்னார்கள். கப்பல் கிளம்பியபோது நானும் செகண்ட் இன்ஜினியரும் கடைசியாகத் தூங்கி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஓய்வு நேரப் பதிவேட்டிலோ விதிப்படி பத்து மணி நேரம் ஓய்வு என்று இருந்தது. அதன் அடியில் இருந்தது என் கையெழுத்து. இன்றும் உறுத்துகிறது.

24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு என்கிறது கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம். நடந்ததை நடந்தபடி எழுதினால் அலுவலகத்திலிருந்து கேப்டனிடம் விளக்கம் கேட்பார்கள். கூடுதலாக ஓர் ஆளை அனுப்ப மாட்டார்கள். கொடி நாடு, அதாவது கப்பல் பதிவான நாடு, தரும் ஆள்பலச் சான்றிதழில் இருப்பது குறைந்தபட்ச எண்ணிக்கை. பட்ஜெட் போடுபவர்கள் அதையே போதுமான எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். பொய்க் கணக்கு பிறக்கும் இடம் இதுதான்.

1987 மார்ச் 6 அன்று 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற பயணிகள்-வாகனக் கப்பல் பெல்ஜியத்தின் ஸீப்ரூகே துறைமுகத்தை விட்டு வந்ததுமே கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். வாகனங்கள் ஏறும் முன்கதவு மூடப்படவில்லை, மூட வேண்டியவர் தன் அறையில் தூங்கிப்போயிருந்தார். கதவு திறந்திருந்தால் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் தெரியும்படி விளக்கு வையுங்கள் என்று அந்த நிறுவனத்தின் கேப்டன்கள் அதற்கு முன்பே கேட்டிருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. விசாரணை நிர்வாகத்தையும் குற்றம் சொன்னது. 1998 ஜூலையில் ஐ.எஸ்.எம். எனும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு கட்டாயமாகத் தொடங்கியதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். கப்பலில் இருப்பவர் நேரே அணுகவும், அவர் சொல்வதை மேலிடத்துக்குக் கொண்டுபோகவும் கரையில் ஒருவர் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருப்பது சும்மா அல்ல.

என் வேண்டுகோள் சிறியது. விதி மீறலைக் காட்டும் சிவப்புக் குறி ஒன்றுகூட இல்லாத ஓய்வுப் பதிவேடு வந்தால், கரையில் கப்பல்களை நிர்வகிக்கும் ஃப்ளீட் மேனேஜர் சந்தேகப்பட வேண்டும். பங்கர் ஏற்றிய நேரம், இன்ஜின் ரூம் அலாரம் அடித்த நேரம், துறைமுக வழிகாட்டியான பைலட் ஏறிய நேரம் எல்லாம் அவரிடமே இருக்கின்றன. பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரியும். அலுவலகத்தில் இருந்த காலத்தில் நானே இதைத் தாமதமாகத்தான் செய்யத் தொடங்கினேன். தெரிந்த பிறகு கேப்டனைக் கடிந்துகொள்ளாமல், "ஆட்கள் தூங்கி எழும்வரை நங்கூரம் போட்டு நில்லுங்கள், சரக்குக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காக அப்படி நிற்கும் அதிகாரம் கேப்டனுக்கு ஏற்கெனவே உண்டு. கரையில் இருப்பவர் துணை நிற்காவிட்டால் அவர் அதைப் பயன்படுத்தத் துணிய மாட்டார்.

அடுத்த முறை இந்தத் துறை பற்றி எழுதும்போது, ஒரு சூப்பரின்டெண்டன்டின் பொறுப்பில் எத்தனை கப்பல்கள் இருக்கின்றன என்று அந்த நிறுவனங்களிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்